121 கொரோல்லாவின் பிரிந்த சீற் துணி: வெள்ளவத்தையில் ஒரு வீட்டுப் பழுதுபார்ப்பின் நிகழ்வு ஆய்வு

வண்டியும் சேதமும்

வண்டி 2004ஆம் ஆண்டு உற்பத்தியான டொயோட்டா கொரோல்லா. இலங்கையில் ‘121’ என்றால் யாருக்கும் விளங்கும் மொடல். நிற்பது கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், கூரையில்லாத வெளியில். உட்புறத் துணி தொழிற்சாலையில் போட்டதே, சாம்பல் கலந்த பழுப்பு நிறம். மேலே உறை போட்டு ஓடியதால் சேதம் நெடுநாள் கண்ணில் படவில்லை. உறையைக் கழற்றியபோது ஐந்து இடங்கள் தெரிந்தன.

முதலாவதுதான் பெரியது: சாரதி சீற்றின் அடிப்பாகத்தில் வலப்பக்கத் திண்டு, அதாவது தொடையை அணைத்து நிற்கும் மேடு. தையலை ஒட்டி 11 செ.மீ. நீளத்துக்கு நூல் தேய்ந்து, நடுவில் 4 செ.மீ. அளவுக்கு ஸ்பொஞ் வெளியே தெரிந்தது. அதற்குக் கீழே பக்கத் துணியோடு சேரும் தையல் 6 செ.மீ. விட்டிருந்தது. இரண்டாவது, பின் சீற்றில் இழுபட்டுக் கிளம்பிய நூல் வளையங்கள். மூன்றாவது, ஹூட் லைனிங், அதாவது கூரையின் உட்புறத் துணி: பின் கண்ணாடிப் பக்கம் தொங்கி, நடு விளக்கைச் சுற்றிய ஓரம் நூல் விட்டிருந்தது. நான்காவது, எக்ஸலரேட்டருக்குக் கீழே குதிகால் படும் இடத்தில் கார்பெட் ஓட்டை. ஐந்தாவது, சாரதியின் சீற் பெல்ற். தோள் உயரத்தில் ஓரம் நெடுகச் சிறு நூல்கள் கிளம்பியிருந்தன.

முதல் நான்கையும் வீட்டில் செய்யலாம். ஐந்தாவதை வீட்டில் தொடவே கூடாது.

தொடக்கூடாதவை

பெல்ற்றின் நாடா சாதாரணத் துணி அல்ல. விபத்து நேரத்தில் ஓர் ஆளின் முழுப் பாரத்தையும் பல மடங்காக ஏந்துவது அந்த நெசவு. ஓரத்தில் நூல் அறுந்தால் அந்த இடத்திலிருந்து கிழியத் தொடங்கும். ஊசி குத்தினால் இன்னும் நூல் அறும். நெருப்பால் சுட்டால் பக்கத்து நூல்களும் இளகி இறுகி வலுவிழக்கும். பசை போட்டால் நாடா சுருளுக்குள் ஒழுங்காக ஓடாது. ஆகவே இந்த வண்டியில் பெல்ற்றை முழுத் தொகுதியாகவே மாற்ற வேண்டும் என்று எழுதி ஒதுக்கப்பட்டது. பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கழற்றிய பெல்ற் கிடைக்கும், ஆனால் விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து வந்ததா என்பதைக் கடைக்காரராலும் சொல்ல முடியாது. ஒருமுறை பாரம் ஏந்திய பெல்ற் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். புதியதை வாங்குவதே சரி. ஓரம் ஏன் தேய்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும்: தோள் பக்கத்து வளையத்தில் அழுக்குக் கட்டி அல்லது பிளாஸ்டிக் வெடித்திருந்தால் புது நாடாவும் அதே வழியில் போகும்.

இரண்டாவது, பக்க எயார்பேக். சீற்றின் சாய்மனைப் பக்கத்தில் ‘எஸ்.ஆர்.எஸ். எயார்பேக்’ என்ற சிட்டை இருந்தால் அந்தப் பக்கத் தையலைத் தைக்கவோ, உள்ளே துணி வைத்து ஒட்டவோ, மேலே உறை போட்டு மூடவோ கூடாது. பை விரியும்போது கிழிவதற்கென்றே அந்தத் தையல் அளந்து போடப்பட்டிருக்கிறது. நாம் உறுதியான நூலால் ‘நன்றாகத்’ தைத்துவிட்டால் பை வேறு பக்கம் பாயும், அல்லது பிந்தித் திறக்கும். இந்த 121இல் அந்தச் சிட்டை இல்லை; சேதமும் சாய்மனையில் அல்ல, அடிப்பாகத்தில். ஆனாலும் சீற்றைக் கழற்றும் முன் அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கப்பட்டது. இருந்தால் முதலில் இக்னிஷனை நிறுத்தி, பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும். டொயோட்டா கையேடுகள் கேட்பது 90 விநாடிகள். சில நிமிடம் பொறுத்தால் நட்டம் எதுவும் இல்லை.

துணிக்கு அடியில் என்ன இருக்கிறது

பெரும்பாலான வீட்டு வைத்தியங்கள் தோற்பது இங்கேதான். நூல் பிரிவது மேலே தெரிகிறது, காரணம் அடியில் இருக்கிறது. வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் சாரதி இறங்கும்போது முழுப் பாரமும் ஒரு கணம் வலது திண்டின் விளிம்பில் இறங்குகிறது. ஸ்பொஞ்சின் விளிம்பு முதலில் உடைகிறது. உடைந்ததும் மேல்துணிக்கு அங்கே தாங்கல் இல்லை, துணி தளர்ந்து மடிகிறது. ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அதே மடிப்பு உராய்கிறது. ஜீன்ஸ் பொத்தான், பையில் இருக்கும் சாவி, இடைவார்க் கொக்கி எல்லாம் அந்த மடிப்பின் முகட்டில்தான் படும். ஸ்பொஞ்சை விட்டுவிட்டுத் துணியை மட்டும் தைத்தால், தைத்த இடம் இருக்கும். அதற்குப் பக்கத்தில் புது மடிப்பு விழுந்து அங்கே தேயும்.

இந்தச் சீற்றில் கைவிரலால் அழுத்திப் பார்த்தபோது வலது விளிம்பு இடது விளிம்பைவிட ஏறத்தாழ 15 மி.மீ. தாழ்ந்திருந்தது. உறையை இழுத்துப் பிடிக்கும் ஹொக் ரிங்குகள், அதாவது ஸ்பொஞ்சுக்குள் புதைந்த கம்பியோடு துணியைப் பூட்டும் சிறு உலோக வளையங்கள், வலப்பக்கத்தில் துருப்பிடித்து இரண்டு அறுந்திருந்தன. கடற்காற்றில் நிற்கும் வண்டியில் இது எதிர்பார்க்க வேண்டியதே.

துணி என்ன இழை என்பதையும் அறிய வேண்டும். பிரிந்த இடத்திலிருந்து ஒரு நூலை வெட்டி, வண்டிக்கு வெளியே, சாவணத்தால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். இளகிச் சுருங்கி, கரும்புகை விட்டு, ஆறியதும் கறுத்த கெட்டி மணியாக நின்றால் பொலியெஸ்டர். கடதாசி எரியும் மணத்தோடு சாம்பலானால் பருத்தி. இங்கே பொலியெஸ்டர், கார் சீற்றுகளில் பெரும்பாலும் அதுதான். பொலியெஸ்டர் ஏறத்தாழ 255–260 பாகை செல்சியஸில் உருகும், ஆகவே வெட்டிய ஓரத்தைச் சூடான சோல்டரிங் அயன் முனையால் தொட்டு மூடலாம். லைட்டரால் வண்டிக்குள் செய்ய வேண்டாம். அடியில் இருக்கும் பொலியுரித்தேன் ஸ்பொஞ் மிக விரைவாகத் தீப்பிடிக்கும், புகை நஞ்சு.

மேல்துணியின் பின்புறத்தில் 3–4 மி.மீ. மெல்லிய ஸ்பொஞ் தொழிற்சாலையிலேயே ஒட்டப்பட்டிருக்கும். கொழும்பின் ஈரப்பதத்தில் அது வருடக்கணக்கில் நீராற்பகுப்படைந்து, அதாவது ஈரத்தால் சிதைந்து, தொட்டால் பொடியாக உதிரும் நிலைக்கு வரும். பொடியின் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. பிடித்தாலும் பொடியைத்தான் பிடிக்கும், துணியை அல்ல. இந்த ஒரு காரியம் சீற், ஹூட் லைனிங் இரண்டுக்கும் பொது.

முன்பு செய்யப்பட்ட ‘திருத்தம்’

ஓட்டையைச் சுற்றி யாரோ சுப்பர் குளூ விட்டிருந்த தடம் இருந்தது. அது நூலுக்குள் ஊறிக் கல்லாக இறுகும். இறுகிய ஓரம் வளையாது; ஆள் உட்காரும்போது மென்மையான துணி அந்தக் கெட்டி விளிம்பில் மடிந்து மடிந்து, விளிம்பை ஒட்டியே புதிதாக அறும். 4 செ.மீ. ஓட்டையைச் சுற்றி 11 செ.மீ. தேய்வு வந்ததில் இதற்குப் பங்கு உண்டு. இறுகிய பகுதியை மென்மையாக்க வழியில்லை, வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பருத்தித் துணியில் சுப்பர் குளூ விட்டால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: இரண்டும் சேரும்போது சூடேறும், விரல் சுடும் அளவுக்கு.

பசைத் துப்பாக்கியில் உருக்கி ஊற்றும் பசைக்கும் இதே கதிதான், வேறு காரணத்தால். நண்பகல் வெயிலில் கண்ணாடி மூடி நிற்கும் காருக்குள் 60 பாகையைத் தாண்டும். டாஷ்போர்ட் அதற்கும் மேல். அந்தச் சூட்டில் அந்தப் பசை இளகத் தொடங்கும்.

சாமான்கள்

தடித்த நூல் முக்கியம். குஷன் வேலைக்காரர் பயன்படுத்தும் பொண்டட் பொலியெஸ்டர் (இழைகளைப் பிசினால் ஒட்டி இறுக்கிய நூல்), தடிப்பு டெக்ஸ் 70 அளவு. நைலோன் நூல் இழுவைக்கு நல்லதுதான், ஆனால் வெயிலில் பொலியெஸ்டரைவிட முந்தி வலுவிழக்கும். கண்ணாடியோரம் வரும் தையலுக்கு அதை விட்டுவிடலாம். பருத்தி நூல் ஈரத்தில் உக்கும், பேச்சே வேண்டாம். மெஷின் ஊசி 110/18. கையால் தைக்க 6–7 செ.மீ. நீள அரைவட்ட ஊசி ஒன்று, நேரான தடித்த ஊசி ஒன்று. தையற்சாமான் கடைகள் புறக்கோட்டை கெய்சர் வீதியிலும் அதைச் சூழ்ந்த குறுக்குத் தெருக்களிலும் நிறைய. அரைவட்ட ஊசி கிடைக்காவிட்டால் குஷன் கடையில் கேட்டால் கிடைக்கும்.

மற்றவை: கடினமான ஸ்பொஞ் 20 மி.மீ. தடிப்பில் 30 × 10 செ.மீ. துண்டு, மேலே போர்த்த 5 மி.மீ. மென்மையான ஸ்பொஞ், நெகிழும் ரப்பர் சார்ந்த கொன்டாக்ட் பசை 250 மி.லீ.; பின்புறத்தில் வைக்க மெல்லிய பொலியெஸ்டர் கன்வஸ் அரை மீற்றர்; சேர்ஜிக்கல் ஸ்பிரிட், பாமசியில் வாங்கியது; 2.5 மி.மீ. அகல கேபிள் டை ஒரு கட்டு. துணிக்குரிய ஒளிபுகும் நெகிழ் பசை சிறு குழாய். தின்னரைத் துப்புரவுக்கு எடுக்க வேண்டாம், அது ஸ்பொஞ்சைக் கெடுக்கும், சாயத்தையும் இளக்கும்.

பொருத்தமான துணிதான் கடினம். புறக்கோட்டையில் நிறம் ஒத்த துணி கிடைக்கும். ஆனால் வெயிலில் வெளிறிய சீற்றோடு ஒத்தது கிடைக்காது. நல்ல வழி, அதே வண்டியில் கண்ணுக்குப் படாத இடத்திலிருந்து எடுப்பது. இந்த வண்டியில் பின் சீற்றின் அடிப்பாகத்தின் முன்விளிம்பை மேலே இழுத்தால் கிளிப் விட்டுக் கிளம்பும். அதன் பின்விளிம்பில், சாய்மனைக்கு அடியில் மறையும் பகுதியில், 20 × 9 செ.மீ. துண்டு வெட்டப்பட்டது. வெட்டிய இடத்தில் கன்வஸ் வைத்துத் தைத்தால் போதும், யாரும் பார்க்கப்போவதில்லை.

திண்டு

சீற்றைக் கழற்றாமல் செய்ய முடியுமா என்று பலரும் கேட்பார்கள். மேலிருந்து ஒட்டுப் போடலாம், ஆனால் ஸ்பொஞ்சைத் திருத்த முடியாது. கழற்றுவது பெரிய வேலையும் அல்ல. சீற்றைப் பின்னே தள்ளி முன் போல்ற் இரண்டு, முன்னே தள்ளிப் பின் போல்ற் இரண்டு, 14 மி.மீ. சொக்கெற். பெல்ற் கொக்கியின் சுவிச் வயரைக் கழற்றிய பின்பே தூக்க வேண்டும். சீற் நகரும் தண்டவாளத்தின் கூரிய நுனி கதவின் அடிவிளிம்புப் பெயின்றைக் கீறும். பழைய பெட்ஷீற் ஒன்றை அங்கே மடித்துப் போட்டுவிட்டுத் தூக்குங்கள். திரும்பப் பூட்டும்போது நான்கு போல்ற்றையும் கையால் முழுதும் ஏற்றிய பின்பே இறுக்க வேண்டும். ஒன்றை முதலில் இறுக்கினால் தண்டவாளம் கோணி, சீற் நகராது.

பக்கப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, சீற்றைக் கவிழ்த்தால், உறையின் ஓரம் கொக்கி வடிவப் பிளாஸ்டிக் பட்டியால் சட்டத்தில் மாட்டியிருப்பது தெரியும். வலப்பக்கத்தையும் முன்பக்கத்தையும் மட்டும் விடுவித்தால் போதும். ஹொக் ரிங்குகளை வெட்டுமுன் இருந்த இடங்களைத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். உறையை உள்வெளியாகப் புரட்டிச் சேத இடம் வரை கொண்டுவர வேண்டும்.

முதலில் ஸ்பொஞ். உதிரும் பகுதியைக் கூரான நீளக் கத்தியால் சரிவாக வெட்டி எடுத்து, அதே சரிவில் 20 மி.மீ. துண்டை வெட்டி ஒட்ட வேண்டும். செங்குத்தாக வெட்டினால் சேரும் கோடு மேலே பள்ளமாகத் தெரியும். சரிவாக வெட்டினால் தெரியாது. ஒட்டும் பசை விளிம்புக்கு 10 மி.மீ. உள்ளேயே நிற்கட்டும், காய்ந்த பசைக்கோடு கெட்டியாகித் தொடையில் உறுத்தும். காய்ந்த பின் 80ஆம் இலக்க உப்புத்தாளால் தேய்த்து, இடப்பக்கத் திண்டின் வளைவைப் பார்த்துப் பார்த்து உருவாக்கலாம். அதன் மேல் 5 மி.மீ. ஸ்பொஞ்சை முழு விளிம்பையும் மூடி ஒட்டினால் சேர்ப்பு மறையும். இதற்கும் துணிக்கும் இடையில் மெல்லிய வழுக்கும் பொலியெஸ்டர் துணி ஒன்றைப் போட்டால் உள்ளே உராய்வு குறையும். சிறு வேலைதான், நீண்ட ஆயுள் தரும்.

அடுத்து மேல்துணி. கிளம்பிய நூலை இழுக்கக் கூடாது. கூரான கத்தரிக்கோலால் 3 மி.மீ. விட்டு நறுக்க வேண்டும். சுப்பர் குளூ பிடித்த பகுதி முழுவதும் வெட்டியெடுக்கப்பட்டது.

இங்கே ஒரு தீர்மானம் எடுக்க வேண்டும். இடைவெளி 5 மி.மீ.க்கு உட்பட்டால் இரண்டு ஓரத்தையும் ஏணித் தையலால், அதாவது ஓரத்துக்கு ஓரம் மாறி மாறிக் குத்தி இழுக்கும் தையலால், சேர்த்துவிடலாம். அதற்கு மேல் போனால் துணி இழுபட்டுச் சுருக்கம் விழும், இழுவையில் ஊசித் துளைகள் பெருக்கும். அப்போது பலர் செய்வது ஓட்டையின் அளவுக்கு ஒரு ஒட்டு வெட்டி நடுவில் வைப்பது. அது நான்கு பக்கமும் திறந்த ஓரத்தோடு நிற்கும், நான்கும் உராயும். சரியான வழி, சேதமான துண்டைத் தையலிலிருந்து தையல் வரை முழு அகலத்துக்கும் வெட்டி எடுத்து, புதுத் துண்டை இரண்டு பக்கமும் பழைய தையலுக்குள் புகுத்துவது. அப்போது திறந்த ஓரம் இரண்டுதான், அவையும் திண்டின் குறுக்கே வரும். ஆள் சறுக்கும் திசையிலேயே அமைவதால் ஆடை அதில் கொளுவாது. இந்தச் சீற்றில் மேல் தையலுக்கும் பக்கத் தையலுக்கும் இடையே 7 செ.மீ.; நீளத்தில் 14 செ.மீ. துண்டு வெட்டியெடுக்கப்பட்டது. புதுத் துண்டு 16 × 9 செ.மீ., எல்லாப் பக்கமும் 10 மி.மீ. தையல் இடம் சேர்த்து. இதற்குத் திண்டின் பழைய தையல்களை வெட்டிய இடத்துக்கு அப்பால் இருபுறமும் 3 செ.மீ. பிரிக்க வேண்டும்.

துண்டை வெட்டும்போது நெசவின் திசை பழையதோடு ஒத்திருக்கிறதா பாருங்கள். கையால் தடவினால் ஒரு பக்கம் மென்மை, மறுபக்கம் சற்றுச் சொரசொரப்பு. திசை மாறினால் பகலில் ஒரு நிறமும் மாலையில் வேறு நிறமுமாகத் தெரியும்.

ஒட்டும் தையலும் இரண்டும் வேண்டும். பழைய துணியின் வெட்டிய ஓரத்தைச் சுற்றிப் பின்புறத்தில் 3 செ.மீ. அகலத்துக்குப் பழைய மெல்லிய ஸ்பொஞ்சைச் சுரண்டி, துணியின் வெறும் பின்புறம் தெரியும்வரை எடுத்து, சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்தவர்களின் ஒட்டுகளே பெயர்கின்றன. வெட்டிய ஓரங்களில் துணிப்பசையை ஒரு மெல்லிய கோடாகப் பூசிக் காயவிடுங்கள், நூல் இனி விடாது. பின்பு புதுத் துண்டைப் பழைய துணியோடு நேர்முகமாக வைத்துக் குறுக்குத் தையல் இரண்டையும் போட்டு, ஓரங்களை விரித்து, முழுப் பரப்புக்கும் பின்னால் கன்வஸ் ஒட்டப்பட்டது. சுற்றிலும் 3 செ.மீ. அதிகம், மூலைகள் வட்டமாக. கூரான மூலை முதலில் கிளம்பும். கொன்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் மெல்லிதாகத் தூரிகையால் பூசி, விரலில் ஒட்டாத நிலை வரும்வரை 10–15 நிமிடம் பொறுத்து அழுத்த வேண்டும். தடிப்பாகப் பூசினால் பசை நெசவு வழியே ஊறி முன்பக்கம் கறையாக வரும். அந்தக் கறை போகாது.

தையல் நீளம் 3.5–4 மி.மீ. ‘நெருக்கமாகத் தைத்தால் உறுதி’ என்ற எண்ணம் இங்கே பிழை: 2 மி.மீ. இடைவெளியில் குத்திய துளைகள் தபால் முத்திரையின் ஓரம் போல வரிசையாகி, அந்தக் கோட்டிலேயே கிழியும். வீட்டு மெஷினில் இரண்டு படைத் துணி தாராளமாகப் போகும். கன்வஸும் பழைய தையல் மடிப்பும் சேரும் தடித்த இடத்தில் கைச்சில்லைத் திருப்பித் தையுங்கள், மோட்டாரை நம்பினால் ஊசி உடையும். மெஷின் இல்லாவிட்டால் கையால் பின்தையல், ஒவ்வொரு குத்துக்கும் சற்றுப் பின்னே போய் முன்னே வருவது. பழைய துளைகள் கிழியாமல் இருந்தால் அவற்றின் வழியே போகலாம். கிழிந்திருந்தால் 2 மி.மீ. உள்ளே தள்ளிப் புதுக்கோடு போட வேண்டும். பிரிந்த தையலின் இரண்டு முனையிலும் நல்ல தையலின் மேல் 3 செ.மீ. ஏறித் தைக்காவிட்டால் அங்கிருந்து மறுபடி விடும்.

பூட்டும்போது அறுந்த ஹொக் ரிங் இடங்களில் கேபிள் டை போடப்பட்டது. துருப்பிடிக்காது என்பதே அதன் சிறப்பு. வெட்டிய நுனி கீழ்நோக்கி நிற்கட்டும், மேல்நோக்கினால் ஸ்பொஞ்சைக் குத்தித் துணியைத் துளைக்கும். இறுக்குவதில் இடப்பக்கத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஈரத் துணி விரித்து, அயன்பொக்ஸைப் பொலியெஸ்டர் அளவில் வைத்து ஆவி காட்டினால் புரட்டியதில் விழுந்த சுருக்கங்கள் போய்விடும்.

பின் சீற்றின் வளையங்கள்

இவை தேய்வால் வந்தவை அல்ல. சேலை ஊக்கு, வளையல், குடைக் கம்பி, நாய் நகம் இப்படி ஏதாவது கொளுவியதால் வந்தவை. வளையத்தை வெட்டினால் இரண்டு அறுந்த முனைகள் கிடைக்கும், அங்கே ஓட்டை தொடங்கும். சுற்றியுள்ள துணியை வளையத்துக்கு எதிர்த்திசையில் விரல்களால் மெல்ல இழுத்துப் பாருங்கள். பாதி தானாகவே உள்ளே போகும். மீதியை, ஊசியை வளையத்தின் அடியில் பின்புறம்வரை குத்தி, ஊசிக்கண்ணில் மெல்லிய நூற்கண்ணி ஒன்று போட்டு வளையத்தை அதில் மாட்டி, பின்னால் இழுத்துவிடலாம். பின்புறத்துக்குக் கைபோக வழியில்லாத இடத்தில் மிக நுண்ணிய குரோஷே ஊசி போதும். ஏற்கெனவே அறுந்த வளையத்துக்கு மட்டும் அடியில் ஒரு துளி துணிப்பசை.

ஹூட் லைனிங்

தொங்கும் கூரைத் துணிக்குக் குண்டூசி, திருகு ஊசி, பின்புறத்தில் ஊசியேற்றிப் பசை விடுவது என்று பல வழிகள் சொல்லப்படும். ஒன்றும் நிற்காது. துணிக்கும் அதைத் தாங்கும் கூரைப் பலகைக்கும் இடையிலுள்ள 3 மி.மீ. ஸ்பொஞ் பொடியாகிவிட்டது, ஒட்டுவதற்கு அங்கே பரப்பே இல்லை. ஊசியேற்றிய பசை துணியில் மஞ்சள் வட்டமாக வரும், அவ்வளவுதான். பழைய துணியைத் திரும்ப ஒட்டுவதும் வீண். ஸ்பொஞ் இல்லாத மெல்லிய துணியில் பலகையின் ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரியும்.

பலகையைக் கழற்ற, வெயில் மறைப்பு இரண்டு, கைப்பிடிகள், நடு விளக்கு, தூண்களின் பிளாஸ்டிக் மூடிகள், கதவோர ரப்பர்ப் பட்டியான பீடிங்கின் மேல்பகுதி ஆகியவை போக வேண்டும். தூண் மூடியில் எயார்பேக் அடையாளம் இருந்தால் மேலே திரை எயார்பேக் ஓடுகிறது. அந்த வண்டியில் இந்த வேலையைப் பட்டறைக்கு விடுவதே நல்லது. இந்த வண்டியில் இல்லை. முன் சீற்றுகளை முழுதாகச் சாய்த்து, பலகையை முன் இடக்கதவு வழியாக இரண்டு பேர் பிடித்து எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் இழுத்தால் நடுவில் மடியும். மடிந்த கோடு புதுத் துணிக்கு மேலாகவும் தெரியும்.

துணியை உரித்த பின் பலகையில் மிஞ்சும் பழுப்புப் பொடியை மென்மையான நைலோன் தூரிகையால், முகக்கவசத்தோடு, திறந்த வெளியில் தேய்த்து எடுக்க வேண்டும். கம்பித் தூரிகை பலகையின் மேற்படையைக் கிழிக்கும். கைவிரலால் தடவும்போது பொடி ஒட்டாத நிலை வரும்வரை நிறுத்த வேண்டாம். மொத்த வேலையில் சலிப்பானதும் இதுதான், முக்கியமானதும் இதுதான்.

புதுத் துணி 3 மி.மீ. ஸ்பொஞ் ஒட்டிய ஹூட் லைனிங் துணியாகவே இருக்க வேண்டும், 1.5 மீற்றர் அகலத்தில் 2 மீற்றர் இந்த வண்டிக்குத் தாராளம். பசை, அதிக வெப்பம் தாங்கும் ஹூட் லைனிங் ஸ்பிரே. பொதுப் பாவனை ஸ்பிரேக்கள் கூரைச் சூட்டில் இளகி, சில மாதத்தில் மறுபடி தொங்கும்.

கொழும்பில் இந்த வேலைக்கு நாள் பார்க்க வேண்டும், பஞ்சாங்கத்தில் அல்ல, வானத்தில். பசையின் கரைப்பான் ஆவியாகும்போது பரப்புக் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் அந்தக் குளிர்ந்த பசைமேல் நீர் படிந்து வெண்மையாகப் பூக்கும். பூத்த பசை ஒட்டியது போலிருக்கும், ஒரு வெயிலுக்குப் பிறகு விடும். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவத்திலும், ஒக்டோபர், நவம்பர் மழையிலும் காலை வேளையில் தொடங்கக் கூடாது. ஜனவரி, பெப்ரவரி உகந்தது. மற்ற மாதங்களில் மழையில்லாத நாளில் பத்து மணிக்குப் பிறகு.

துணியைப் பலகைமேல் விரித்து, முன்பாதியைப் பின்னால் மடித்து, இரண்டு பரப்பிலும் பசை அடித்து, ஒட்டும் பதம் வந்ததும் நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் தடவிக் கொண்டுபோக வேண்டும். பள்ளங்களை முதலில் அழுத்துங்கள். ஓரத்தை முதலில் பிடித்துவிட்டால் துணி பள்ளத்தின் மேல் பாலமாக நிற்கும், பிறகு அங்கிருந்தே கிளம்பும். விளக்கின் துளையில் துணியை வட்டமாக நறுக்காதீர்கள். பழைய துணி நூல் விட்டதற்குக் காரணம் அப்படி நறுக்கிய ஓரந்தான். குறுக்காக இரண்டு வெட்டு வெட்டி, நான்கு நாக்குகளையும் பலகையின் மேற்புறத்துக்கு மடித்து ஒட்டினால் திறந்த ஓரமே இல்லை. சுற்றுப்புறத்திலும் அப்படியே 2 செ.மீ. மடிப்பு.

கார்பெட்

கோல்ஃபேஸிலிருந்தும் வெள்ளவத்தைக் கரையிலிருந்தும் வரும் மணல் கார்பெட்டின் அடியில் இறங்கி, குதிகால் திரும்பும்போதெல்லாம் இழையை அறுக்கிறது. முதலில் மணலை உறிஞ்சி எடுக்காமல் ஒட்டுவது பயனற்றது. சீற்றுக்கு அடியிலிருந்து 8 × 8 செ.மீ. துண்டு வெட்டி, ஓட்டையை அதே அளவுக்குச் சதுரமாக்கி, அடியில் கன்வஸ் வைத்து ஒட்டி, சுற்றிலும் அரைவட்ட ஊசியால் தைக்கப்பட்டது. அதன் மேல் குதிகால் அளவுக்கு ஒரு தடித்த ரெக்சின் துண்டு, நான்கு பக்கமும் தைத்து. ஒட்டினால் மட்டும் போதாது. ஓரம் கிளம்பி பெடலுக்கு அடியில் மடிந்தால் பிரேக்கோ எக்ஸலரேட்டரோ சிக்கும். முடித்த பின் பெடல்களை முழுதாக அழுத்தி, எங்கும் உரசவில்லை என்று பார்க்க வேண்டும்.

ஒரு பருவமழைக்குப் பிறகு

திண்டின் துண்டு நின்றது, விளிம்பு தாழவில்லை. குறுக்குத் தையல் ஒன்றில் முடிச்சுப் போட்ட முனை 5 மி.மீ. விட்டிருந்தது, அந்த முனையில் பின்னே ஏறித் தைக்கவில்லை என்பது பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது. ஹூட் லைனிங்கில் குறையில்லை. கார்பெட்டின் ஒரு மூலை கிளம்பியது: அடியிலிருந்த ஃபெல்ட் ஈரமாக இருந்தது. ஈரம் வந்த வழி முன்கதவின் அடிப் பீடிங். கிழிந்திருந்த பீடிங்கை மாற்றி, கார்பெட்டைத் தூக்கி ஃபெல்ட்டை இரண்டு நாள் காயவிட்டு, மூலை திரும்பத் தைக்கப்பட்டது.

உறை மறுபடி போடப்படவில்லை. தளர்ந்த உறைக்கு அடியில் சேரும் தூசியும் மணலும் உப்புத்தாளாக வேலை செய்கின்றன. மேலே உறை புதிதாக இருக்க, அடியில் துணி தேய்ந்துகொண்டே போகும். கட்டாயம் போட வேண்டுமென்றால் அசையாமல் இறுக்கமாக நிற்கும் உறையைப் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி இரண்டையும் தட்டிவிட வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த பொலித்தீன் உறையை ‘புதுசாகவே இருக்கட்டும்’ என்று விட்டுவைத்திருப்பவர்கள் அதை இன்றைக்கே கிழித்தெறியலாம்: உள்ளே அடைபட்ட ஈரத்தில் பூஞ்சணம் வரும், ஸ்பொஞ்சும் விரைவாக உதிரும்.